தையூர்க் குழாய் பிறந்த கதை

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்ரயிலில் வாசலோரம் நின்று பழகியவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சானடோரியம் தாண்டி வண்டி வேகம் பிடிக்கும்போது சட்டைக் கை படபடவென்று அடித்துக்கொள்ளும். கையை வெளியே நீட்டினால் யாரோ உள்ளங்கையில் கைவைத்துப் பின்னால் தள்ளுவது போலிருக்கும். கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில் அப்படி நீட்டிக்கொண்டு நின்ற என்னை, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து தோளைப் பிடித்து இழுத்தார். "உள்ள வாப்பா தம்பி, கம்பம் வருது பாரு." குரோம்பேட்டை வரும்வரை அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அன்று உள்ளங்கையில் பட்ட அந்தத் தள்ளலை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது. ரயில் இன்னும் வேகமாகப் போகாததற்கு இன்ஜினில் பலம் போதவில்லை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். வேகம் கூடக் கூட, பலத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுவது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை மீறிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்கு. மணிக்கு 150 கிலோமீட்டரில் போகிற வண்டியை 600க்குக் கொண்டுபோக நினைத்தால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே 64 மடங்கு சக்தி வேண்டும். விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிப் பறப்பதற்கு ஒரு காரணம் அங்கே காற்று மெலிந்திருப்பதுதான். சரி, தரையிலேயே ஒரு நீளக் குழாயைப் போட்டு, அதற்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால்?

அந்தக் கேள்வி இரும்பாகி நிற்கும் இடம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். தாம்பரத்தில் 515 ஏறினால் வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று போய்க் கேளம்பாக்கத்தில் வலப்பக்கம் திரும்புகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் அடுத்து வருவது தையூர். பெரிய ஏரியால் பேர்பெற்ற ஊர். சென்னை ஐஐடி தன் கிண்டி வளாகத்தில் இடம் போதாமல் இங்கே 163 ஏக்கரில் இரண்டாவது வளாகம் அமைத்திருக்கிறது. துறைமுக ஆய்வுக்காகக் கடலலையை உண்டாக்கிப் பார்க்கும் பெருந்தொட்டியும் இங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்தில்தான் நானூறு மீட்டருக்குச் சற்று மேல் நீளத்தில் எஃகுக் குழாய் ஒன்று வெயிலில் கிடக்கிறது. 410 மீட்டர் என்றும் 422 மீட்டர் என்றும் இரண்டு விதமாக அறிவித்திருக்கிறார்கள். ஹைப்பர்லூப் என்ற பேரில் செய்திகளில் நீங்கள் பார்த்த குழாய் இதுதான்.

காற்றை எடுத்துவிடுவது என்று சொல்வது சுலபம். பள்ளியில் எங்கள் இயற்பியல் சார் ஒருநாள் கடலையெண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஸ்டவ்வில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆவி புகைபுகையாக வெளியே வந்ததும் மூடியை இறுக்கித் திருகினார். பிறகு டின்மேல் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினார். யாரும் தொடவில்லை. டின் கடகடவென்று முனகிக்கொண்டே நான்கு பக்கமும் உள்வாங்கி, கசக்கிப்போட்ட காகிதம் போலச் சுருண்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "யார் சார் அமுக்குனது?" என்று கேட்டான். "நீயும் நானும் மூச்சுவிடுறோமே, அந்தக் காத்துதான்டா" என்றார் சார்.

உள்ளே காற்று இல்லாத பாத்திரத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் வெளிக்காற்று ஏறத்தாழ 10 டன் எடையால் அழுத்துகிறது. ஒரு சிறு மேசையளவு இடத்தில் இரண்டு யானைகள் ஏறி நிற்பதற்குச் சமம். தையூர்க் குழாயின் தோல் முழுக்க, ஓரம் விடாமல், இந்தப் பாரம் உண்டு. டின் தோற்ற இடத்தில் குழாய் ஜெயிக்க வேண்டும்.

இந்த ஆசை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பழையது. கடிதங்களையும் சரக்கையும் குழாய்க்குள் காற்றின் பலத்தால் அனுப்பலாம் என்று ஜார்ஜ் மெதர்ஸ்ட் என்பவர் 1810ல் லண்டனில் சிறுநூல் வெளியிட்டார். அதைப் பெரிய அளவில் செய்துபார்த்தவர் இங்கிலாந்தின் பேர்பெற்ற பொறியாளர் புரூனல். 1847ல் தெற்கு டெவன் பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே குழாயைப் பதித்து, உள்ளே காற்றை உறிஞ்சி, அந்த இழுப்பிலேயே ரயிலை ஓட்டிக்காட்டினார். இன்ஜினே இல்லாமல் வண்டி ஓடியது. ஆனால் குழாயின் உச்சியில் நெடுக ஒரு பிளவு; அதை மூடித் திறக்கத் தோலால் செய்த மடிப்பு. தோலைக் கொழுப்புத் தடவி மெத்தென்று வைத்திருந்தார்கள். அந்தக் கொழுப்புக்கு ஆசைப்பட்டு எலிகள் தோலைத் தின்றுவிட்டன என்று கதை சொல்வார்கள். எலி தின்றதோ இல்லையோ, தோல் காய்ந்து விறைத்துக் கிழிந்தது. அது வழியே காற்று கசிந்தது. ஓராண்டிலேயே, 1848 செப்டம்பரில், மொத்தத்தையும் கைவிட்டார்கள். அத்தனை பெரிய திட்டத்தைச் சாய்த்தது ஒரு தோல்பட்டை. குழாய் ரயிலின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது இந்தத் தோல்பட்டையைத்தான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எண்ணத்தைத் தூக்கிக்கொண்டவர்கள் கல்லூரிக்காரர்கள். பிற்பாடு ராக்கெட்டுக்குப் பேர்போன ராபர்ட் கோடார்ட், அமெரிக்காவில் மாணவராக இருந்தபோதே வெற்றிடக் குழாய்க்குள் காந்தத்தில் மிதந்தோடும் ரயிலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்கான காப்புரிமை 1950ல் வந்தது. அவர் 1945லேயே இறந்துவிட்டார். ரஷ்யாவின் தோம்ஸ்க் நகரில் போரிஸ் வைன்பர்க் என்ற பேராசிரியர், முதல் உலகப் போருக்கு முன்பே, செம்புக் குழாய்க்குள் மின்காந்தங்களால் இழுபட்டு ஓடும் மாதிரி ஒன்றை ஆய்வகத்தில் செய்து காட்டினார். போர் வந்து அதை விழுங்கிவிட்டது.

பிறகு நீண்ட உறக்கம். 2013 ஆகஸ்டில் எலான் மஸ்க், ஹைப்பர்லூப் என்ற பேரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குழாய் போட்டு, உள்ளே காற்றழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 28 பேர் உட்காரும் பெட்டியை மணிக்கு 1,220 கிலோமீட்டர் வேகத்தில் அனுப்பலாம் என்றது அது. நான் கட்டப்போவதில்லை, விரும்புகிறவர்கள் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கல்லூரிகளை எழுப்பியது அறிக்கைகூட இல்லை, அதன்பின் வந்த போட்டிதான். கலிஃபோர்னியாவில் ஹாத்தார்ன் என்ற இடத்தில், தன் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பக்கத்திலேயே, ஏறத்தாழ ஒரு மைல் நீளக் குழாயைப் போட்டு, மாணவர்களே, பெட்டி செய்து கொண்டுவந்து ஓட்டுங்கள் என்றார்.

கிண்டி ஐஐடியில் மாணவர்கள் இரவுபகலாக எதையாவது செய்துகொண்டிருக்கும் கூடம் ஒன்று 2008 முதல் இருக்கிறது, சிஎஃப்ஐ என்பார்கள். அங்கே 2017ல் இந்தப் போட்டிக்காக ஒரு குழு சேர்ந்தது. 'ஆவிஷ்கார்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். வழிகாட்டியாக நின்றவர் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி. அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனத்துக்குப் பின்னாலும் இருப்பவர். 2019 ஜூலையில் ஹாத்தார்ன் இறுதிச்சுற்றுக்குப் போன ஒரே ஆசியக் குழு இவர்களுடையது. அந்த ஆண்டு முதலிடம் ஜெர்மனியின் மியூனிக் மாணவர்களுக்கு. அவர்கள் பெட்டி மணிக்கு 463 கிலோமீட்டர் தொட்டது.

ஒரு மாணவர் குழுவுக்குள் என்ன நடக்கும் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மின்பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு வெல்டிங் தெரியாது. இயந்திரவியல் படிக்கிறவனுக்கு பேட்டரியைத் தொட பயம். இரண்டு வருஷத்தில் இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொண்டு கைபழகும் நேரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதுவரை. கூட்டுக் குடும்பத்தில் ஊறுகாய்ப் பக்குவத்தை மாமியார் மருமகளிடம் ஒப்படைப்பதுபோல ஆண்டுதோறும் இந்தக் கைமாற்றம் நடந்தால்தான் குழு பிழைக்கும். ஆவிஷ்கார் அப்படிப் பல கைகள் மாறியும் பிழைத்திருக்கிறது என்பதை அவர்களுடைய எந்த வேகக் கணக்கையும்விடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

பெட்டியை ஓட வைப்பது எப்படி? வீட்டு மின்விசிறியின் மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி, பாய் மாதிரி நீளவாக்கில் விரித்துப்போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்ற வேண்டிய காந்தப்புலம் இப்போது நேராக ஓடும். மேலே இருக்கும் உலோகத் தகட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு ஓடும். லீனியர் மோட்டார் என்பது அவ்வளவுதான். மிதக்க வைப்பதும் காந்தத்தின் வேலைதான். ஆக, சக்கரம் வேண்டாம், உராய்வு இல்லை, எதிர்க்கக் காற்றும் இல்லை. இதையெல்லாம் கிண்டியில் மேசைமேல் செய்து பார்க்கலாம். ஓட்டிப் பார்க்கத்தான் இடமில்லை. 2019க்குப் பிறகு ஹாத்தார்னில் அந்தப் போட்டி நடக்கவில்லை. நோய்த்தொற்று வந்து உலகமே கதவடைத்தது. 2021ல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஐரோப்பிய மாணவர்கள் கூடியபோது ஆவிஷ்காரும் போனது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அடுத்த நாட்டுக் குழாய்க்காகக் காத்திருந்து எத்தனை நாளைக்கு வேலை செய்ய முடியும்? படகு கட்டுகிறவனுக்கு ஊரில் ஒரு குளமாவது வேண்டாமா?

தையூர்க் குழாய் பிறந்தது இந்தத் தவிப்பில்தான் என்பது என் கணிப்பு. 2022 மே மாதத்தில் ரயில்வே அமைச்சகம் ஐஐடியோடு சேர்ந்து உழைக்க ஒப்புக்கொண்டு 8.34 கோடி ரூபாய் தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு ட்யூட்டர் ஹைப்பர்லூப் என்ற நிறுவனம் ஐஐடியின் அரவணைப்பில் தொடங்கியது. எல் அண்ட் டி கட்டுமானத்துக்குக் கைகொடுத்தது. ஆர்சலர்மிட்டல் எஃகுக்கு வந்தது. அந்த 2022லேயே ஹாத்தார்ன் குழாயைப் பிரித்து அகற்றிவிட்டார்கள்.

2024 டிசம்பரில் தையூர்க் குழாய் தயார் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். 2025 பிப்ரவரியில் உலக ஹைப்பர்லூப் போட்டி இந்த வளாகத்திலேயே நடந்தது. கலிஃபோர்னியாவுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் ஊருக்கு மற்றவர்கள் வந்தார்கள். மார்ச்சில் அமைச்சர் நேரில் வந்து பார்த்தார். இதற்கான மின்னணுக் கருவிகளைப் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை உருவாக்கும் என்றார். ஆசியாவிலேயே நீளமான குழாய் என்றும் சொன்னார். அந்தப் பெருமை எனக்கு உவப்பாக இல்லை. சீனாவின் தாதுங் நகரில் 2 கிலோமீட்டருக்கு இதே மாதிரி வெற்றிடக் குழாய்ப் பாதை இருக்கிறது. நெதர்லாந்தின் வேண்டம் நகரில் 2024ல் திறந்தது 420 மீட்டர். நீளத்தை அளந்து மாலை போடுவது இந்தக் குழாய்க்குச் செய்கிற மரியாதை இல்லை.

ஏனென்றால், ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 410 மீட்டரில் பாதித் தூரம் வேகம் பிடிக்க, மீதிப் பாதி நிறுத்த. பயணி நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டுமானால் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. அப்படியானால் இந்தக் குழாய்க்குள் எட்டக்கூடிய உச்சம் மணிக்கு 103 கிலோமீட்டர். விழுப்புரம் போகிற எக்ஸ்பிரஸ் வண்டியின் வேகம்தான் அது. அதே நிதானத்தில் 600 கிலோமீட்டரை எட்ட ஏழு கிலோமீட்டர் வேண்டும். நிறுத்த இன்னொரு ஏழு. ஆக இந்தக் குழாய் வேகத்தைக் காட்டுவதற்குப் பிறந்ததில்லை. காற்றில்லாத நீண்ட அறை ஒன்று. அதற்குள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் நிறைய.

முதல் கேள்வி வெயில். எஃகு சூட்டில் நீளும். விடியற்காலைக்கும் உச்சிவேளைக்கும் குழாயின் சூடு 30 டிகிரி வித்தியாசப்பட்டால், 410 மீட்டர் குழாய் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளும். ஒரு சாணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தண்டவாளம் என்றால் இடைவெளி விட்டுச் சமாளிக்கலாம். இங்கே இடைவெளி விட்டால் காற்று புகுந்துவிடும். நீளவும் வேண்டும், கசியவும் கூடாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் அரை மணி நேரத்தில் போகலாம் என்கிறார்களே, அந்த 350 கிலோமீட்டருக்கும் குழாய் போட்டால் அதே வெயிலில் அது 126 மீட்டர் நீளும். அத்தனை நீட்சியையும் நெடுக ஆயிரக்கணக்கான இணைப்புகள் பங்குபோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றுகூட புரூனலின் தோல்பட்டையாகிவிடக் கூடாது.

அடுத்தது உள்சூடு. மோட்டாரும் பேட்டரியும் வேலை செய்தால் சுடும். வெளியில் என்றால் காற்று பட்டு ஆறும். காற்றே இல்லாத இடத்தில் ஃபேன் வைத்து என்ன பயன்? பிளாஸ்க்கில் காபி ஆறாமல் இருப்பது எதனால் என்று யோசித்தால் இந்தச் சிக்கல் புரிந்துவிடும். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தான். கோவளம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றுக்கு எஃகு எத்தனை வருஷம் தாங்கும் என்பது வேறொன்று. நடுவழியில் பெட்டி நின்றுபோனால் உள்ளிருக்கும் மனிதர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிகிறது. வெளியே மூச்சுவிட இடமில்லாத பாதையில் ஒரு தாய் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வரைபடம் போட வேண்டும். அதற்கு விடை கிடைக்காதவரை சரக்கை மட்டும் ஏற்றுவதுதான் நியாயம்.

இதெல்லாம் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கும் வலுவான காரணம் இருக்கிறது. லாஸ் வேகாஸ் பக்கத்தில் 500 மீட்டர் குழாய் போட்டு, 2020 நவம்பரில் இரண்டு பேரை ஏற்றி மணிக்கு 172 கிலோமீட்டரில் ஓட்டிக்காட்டிய விர்ஜின் ஹைப்பர்லூப், 2023 முடிவில் கடையை மூடிவிட்டது. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே போட 2018ல் மகாராஷ்டிர அரசோடு பேசிய திட்டமும் கைவிடப்பட்டது. அவர்கள் ரயில் விற்கப் போனார்கள், வாங்க ஆளில்லை. தையூரில் இருப்பது விற்பனைக்கான சரக்கில்லை. கசியாத வெல்டிங்கைக் கற்றுக்கொள்வது, நேராக ஓடும் மோட்டாரை இந்த ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்வது, நீண்ட வெற்றிடத்தை வெயிலில் காப்பாற்றுவது ஆகியவை குழாய் ரயில் வராமலே போனாலும் கையில் நிற்கும் வித்தைகள். இதற்குப் போன ரயில்வே பணம் என்னைப் போல சீசன் டிக்கெட் எடுக்கிறவர்களின் பணமும்தான். எனக்கு அதில் குறையில்லை.

எங்கள் தாம்பரம் இப்படியொன்றை முன்பே பார்த்திருக்கிறது. இந்தியாவின் முதல் மின்ரயில் 1925ல் பம்பாயில் ஓடியது. ஆறே ஆண்டில், 1931 மே 11 அன்று, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜில் நாட்டிலேயே முதல். அன்று பாதி வயலும் ஏரியுமாகக் கிடந்த ஊருக்கு அது அதிகப்படி என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம். 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் பிறந்த அந்தப் பாதை 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. 2004ல் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடி, பாதை முழுதும் அகலமாயிற்று. பிறந்தபடியே இன்றுவரை மிஞ்சியிருப்பது தாம்பரம், பீச் என்ற இரண்டு நிலையப் பேர்கள் மட்டும்தான் என்று சொல்லலாம்.

சாயங்காலம் 515ல் கேளம்பாக்கத்தில் நிற்கும்போது ஜன்னல் வழியே உப்பங்கழியின் வாடை வரும். அந்நேரத்துக்குத் தையூரில் வெயில் தாழ்ந்து குழாய் ஆறத் தொடங்கியிருக்கும். பகலில் நீண்ட அந்த 15 சென்டிமீட்டரையும், ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக, விடிவதற்குள் உள்ளே இழுத்துக்கொள்ளும்.